கிளச் இல்லாத எழுபதும் போகாத செவ்வாய்க்கிழமையும்

புதிதாக நியமனம் கிடைத்து ஊருக்குள் இறங்கும் மருத்துவ மாதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி பிரசவத்தைப் பற்றியவை அல்ல, வண்டியைப் பற்றியவை. "மிசி, கியர் இல்லாததை எடுக்கிறதோ, கியர் உள்ளதை எடுக்கிறதோ? எது எங்களுக்குத் தோது?" மாப்பிள்ளை பேசி வரும்போதுகூட நீங்கள் இவ்வளவு விசாரிப்பதாகத் தெரியவில்லை. சரி, கேட்பது பிழை இல்லை. வீடு வீடாகப் போவதுதான் எங்கள் உத்தியோகம், ஆகவே வண்டிதான் எங்களுக்குக் கால். ஆனால் இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. இந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இன்றைக்கு அதை முழுதாகச் சொல்லிவிடப் போகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முதலில் நான் ஏன் கிளச் வண்டி ஓடப் பழகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எண்பத்து நாலாம் ஆண்டு. நான் கொக்குவிலில் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்த காலம். அண்ணையிடம் ஒரு நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிள் இருந்தது. இடது கையில் கிளச், இடது காலில் கியர், நடுவில் பெரிய பெற்றோல் தாங்கி. சேலையோடு அதில் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், ஊர் எழும்ப முதல், அண்ணையின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் பழகினேன். மூன்றாவது ஞாயிறு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அண்ணை சொல்லாமலே ரயில் பாதைப் பக்கம் திருப்பினேன். அங்கே ரயில் கடவைக்கு அப்போது மூடுகிற படலை கிடையாது. தண்டவாளத்தில் ஏறுகிற மேட்டில் கிளச்சைச் சட்டென்று விட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

அந்த நேரம் ரயில் கூவியது. இறங்கித் தள்ளினேன், வண்டி அசையவில்லை. கியரில் கிடக்கிற வண்டியைக் கிளச்சைப் பிடிக்காமல் தள்ளினால் சில்லு உருளாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தது எல்லாம் அந்தக் கூவலோடு போய்விட்டது. நான் தள்ளத் தள்ள வண்டி நிலத்தில் நட்ட மாதிரி நின்றது. பின்னால் அண்ணை ஓடி வந்துகொண்டே கத்தினார்.

"கிளச்சைப் பிடியடி! கிளச்சைப் பிடி!"

நான் பிடிக்கவில்லை. கைப்பிடியையே விட்டுவிட்டு நின்றேன். அண்ணை வந்து ஒரு கையால் என்னை இடித்துத் தள்ளி, மற்றக் கையால் கிளச்சைப் பிடித்து வண்டியை அந்தப் பக்கம் உருட்டினார். ரயில் எங்களைத் தாண்டிப் போனபோது வந்த காற்று இன்றைக்கும் என் கன்னத்தில் படுகிறது. அண்ணை ஏசவில்லை. தெருவோரத்தில் குந்தியிருந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அன்றோடு நான் கிளச் உள்ள எதையும் வெகுகாலம் தொடவில்லை.

அடுத்த வருடம் கிளச் இல்லாத எழுபது சிசி ஒன்றை வாங்கினேன். நடுவில் தாழ்வாக இருக்கும், சேலையோடு ஏறலாம். காலால் போடுகிற மூன்று கியர் உண்டு. கிளச் வேலையை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். ஆக்சிலேற்றரை முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். கியரில் கிடந்தபடியே நிற்கும், துள்ளாது, அணைந்து நூராது. முக்கியமாக, இடது கைக்கு வேலையே இல்லை. அந்தச் சும்மா இருக்கிற கைக்காகவே நான் அந்த வண்டியைக் கொண்டாடினேன். பழைய மிதிசைக்கிளை நான் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அளவெட்டிக்கு மாற்றம் வந்து அங்கே ஓர் அறை எடுத்தபோது சைக்கிளையும் கொண்டுபோனேன்தான். அது காற்றுப்போன முன்சில்லோடு சுவரில் சாய்ந்து நின்றது.

இனி எண்பத்தெட்டின் தொடக்கத்துக்கு வாருங்கள். சண்டையால் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத மாதங்கள் அவை. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஒருதரம் நூர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் எழும்பாது, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுத்தான் எழுப்ப வேண்டும். ஆளுக்கொரு சின்னப் போத்தல் வைத்திருந்தார்கள். நான் வேலைக்கு ஆகாத ஒரு பழைய ஊசிக்குழலில் பெற்றோலை இழுத்து வைத்திருந்தேன். ஒரு குழல் பெற்றோல், ஒருதரம் எழுப்பலாம். எழும்பிய பிறகும் நிம்மதி இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி நிற்கும்போது ஆக்சிலேற்றரை விட்டால் இருமி இருமி நூர்ந்துவிடும். முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிளச் உள்ள வண்டிக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. கிளச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் எவ்வளவும் முறுக்கலாம். என் வண்டியிலோ முறுக்கினால் அது ஓடத் தொடங்கும். ஆகவே நிற்க முதல் நியூற்றலுக்கு வரவேண்டும். வந்தேனா என்று காட்டுகிற பச்சை விளக்கு எப்போதோ எரிந்துபோயிருந்தது. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கதை இதில்தான் போய் முட்டுகிறது.

என் பிரிவில் யோகம் என்றொரு பிள்ளை இருந்தாள். இருபத்து மூன்று வயது, தலைப்பிள்ளை, எட்டு மாதம். கணவன் தவம் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிறவர். என் அறையிலிருந்து அவர்கள் வீடு ஒன்றரை மைல். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே போகவேண்டும். அந்தக் கிழமை செவ்வாய் நான் போகவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், மறந்துவிடமாட்டேன்.

அடுத்த திங்கள் காலை பதினொரு மணியளவில் தவத்தின் தங்கை கமலம் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தாள். "மிசி, மச்சாளுக்கு ஏலாமல் கிடக்கு. ஒருக்கால் கெதியா வாங்கோ."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு குழல் பெற்றோல். அதை விட்டு வண்டியை எழுப்பிக்கொண்டு போனேன். அயலில் யாரோ நாதஸ்வரம் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். வண்டி நூர்ந்துவிடக் கூடாது என்று நியூற்றலில் விட்டு, ஆக்சிலேற்றர் கேபிளை ஒரு சீலைத்துண்டால் இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே போனேன். யோகம் பாயில் இருந்தாள். முகம் ஊதிப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமர்த்திய இடம் பள்ளமாகவே நின்றது.

"எப்ப துவக்கம் தலையிடி?"

"வெள்ளிக்கிழமை துவக்கம் மிசி. இப்ப கண்ணுக்கை மின்னி மின்னி வருது. நீங்கள் நிக்கிறது வடிவாத் தெரியேல்லை."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலிப்பு வாசலில் நிற்கிறது. வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். ஆஸ்பத்திரிக்கு நாலைந்து மைல். தொலைபேசி செத்துக் கிடந்தது. அயலில் இருந்த இரண்டு கார்களும் பெற்றோல் இல்லாமல் முடங்கிக் கிடந்தன. மாட்டுவண்டியில் ஏற்றினால் ஒரு மணிக்கு ஊரடங்கு தொடங்கும்போது பாதி வழியில் நிற்போம். முற்றத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்தான் நின்றன. ஒன்று இருமிக்கொண்டிருக்கிற என்னுடைய எழுபது. மற்றது தவத்தின் நூற்றிருபத்தைந்து, அண்ணையிடம் இருந்த அதே சாதி.

தவம் இருந்த கடைசிப் பெற்றோலையும் காபரேற்றருக்குள் விட்டு, அதைத் தயாராக உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மிசி, என்ரைதான் பலமான வண்டி. நான் பத்து நிமிசத்திலை கொண்டுபோய் விடுறன். நீங்கள் பின்னாலை இருந்து பிடியுங்கோ."

வண்டியைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆளைப் பார்த்தால் பிழை. வழியில் இந்திய ஆமியின் காவலரண், சென்றி ஒன்று இருந்தது. இருபத்தெட்டு வயது ஆம்பிளை என்றால் இறக்குவார்கள், விசாரிப்பார்கள், சிலவேளை இருத்திவைப்பார்கள்.

"தம்பி, சென்றியிலை உம்மை இறக்கினால் பிறகு ஆர் ஓடுறது?"

"நீங்கள் ஓடுங்கோ மிசி. உங்களுக்கு ஓடத் தெரியும்தானே."

"எனக்குக் கிளச் வண்டி ஓடத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மூன்று வருடமாக மோட்டார் சைக்கிளில் திரிகிற ஒருத்திக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாதாம். வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. மூன்று பெண்கள் என்றால் விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். "அவளை என்ரை வண்டியிலை ஏத்தும். கமலம் பின்னாலை இருக்கட்டும். நீர் மோட்டார் சைக்கிளைத் தொடாதையும். ஒழுங்கையளுக்குள்ளாலை சைக்கிளிலை வந்து சேரும்."

யோகத்தை நடுவில் இருத்தி ஒரு சேலையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினோம். அவளுடைய இரண்டு கைகளையும் முன்னால் இழுத்து என் இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் விறைத்தால் வலிப்பு வருகிறது என்று உடனே தெரியும். இதுதான் என் வண்டியின் பெரிய உபகாரம். கிளச் வண்டியில் அந்தக் கை எனக்குக் கிடைத்திருக்காது. கேபிளில் கட்டிய சீலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வெளிக்கிட்டோம். வண்டி முனகியது, வெள்ளைப் புகை கக்கியது, ஆனால் போனது. வழி முழுக்க நான் விடாமல் கதைத்தேன். "யோகம், கேக்குதோ? கேட்டால் விரலை அமத்து." அவள் அமத்தினாள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பிந்தி அமத்தினாள்.

சென்றிச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது யார் தூரத்துக்கு முன்னதாகவே இறங்கி, இயந்திரத்தை நூர்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு போகவேண்டும். யோகத்தால் ஐந்து அடி நடக்க முடியாது. நூர்த்தால் திரும்ப எழுப்பப் பெற்றோல் இல்லை. நான் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். மெல்ல மெல்ல ஊர்ந்து போய், என் உத்தியோக வெள்ளைச் சேலையைப் பார்த்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அது நினைப்பு இல்லை பிள்ளைகள், ஆசை. நெருக்கடியில் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

இரண்டாம் கியரில் ஊர்ந்தேன். முள்ளுக்கம்பித் தடைக்குப் பின்னாலிருந்து ஒருவன் கையை உயர்த்தி மறித்தான். நிற்பாட்டினேன். இரண்டிலிருந்து நியூற்றலுக்குக் குதியால் இரண்டு தரம் அமத்த வேண்டும். நான் ஒருதரம்தான் அமத்தினேன். வண்டி முதலாம் கியரில் நின்றது. விளக்கு இருந்தால் சொல்லியிருக்கும். பச்சை விளக்குக் குமிழ் ஒன்று மாற்றக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

அவன் துவக்கை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தான். வண்டி இருமத் தொடங்கியது, நூரப் போகிறது. கை தானாக முறுக்கியது.

வண்டி பாய்ந்தது.

அவன் பக்கவாட்டில் விழுந்து எழும்பினான். காவலரணுக்குள் துவக்குகள் லோட் பண்ணுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நான் பிரேக்கை அமத்தி நின்றுவிட்டேன், ஆனால் மூன்று துவக்குக் குழாய்கள் எங்களைப் பார்த்து நின்றன. எல்லாரும் எனக்குத் தெரியாத மொழியில் கத்தினார்கள். பின்னால் கமலம் "ஐயோ முருகா, ஐயோ முருகா" என்று அலறினாள். வண்டியை நூர்க்கிற திறப்பு கீழே இடதுபக்கம் இருந்தது. குனிந்து அதைத் திருப்பினால் நான் எதையோ எடுக்கக் குனிகிறேன் என்று சுடுவார்கள். குனியாமல் இருந்தால், இன்னொருதரம் என் கை முறுக்கினால், சுடுவார்கள். யோகத்தின் கைகளை விட்டேன்.

"கமலம், அவளைப் பிடி" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினேன். மூன்று பேருடைய பாரத்தையும் வண்டியையும் இரண்டு காலில் தாங்கிக்கொண்டு நின்றேன். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நூர்ந்தது. நான் சாகப் பயந்தேன். அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதைவிட, என் முதுகில் சாய்ந்திருந்த தலை விறைக்கிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

விழுந்து எழும்பியவன் வட்டமிட்டு வந்து பின்னால் பார்த்தான். நாற்பதை நெருங்கிய வயதிருக்கும். யோகத்தின் செருப்பில்லாத கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. அவன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வயிற்றைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்து ஏதோ அதட்டினான். துவக்குகள் இறங்கின. தடையை அவனே இழுத்து விலத்தி, போ என்று கை காட்டினான்.

உதைத்தேன். எழும்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தேன். சேலை கட்டியிருந்த இடுப்பு அறுந்துவிடும் போல நொந்தது. அவன் என்ன என்று சைகையில் கேட்டான். பையிலிருந்து வெறும் ஊசிக்குழலை எடுத்து நீட்டினேன். அவன் முதலில் பின்வாங்கினான். பிறகு வாங்கி மணந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. உள்ளே ஓடிப்போய், ஒரு தகர மூடியில் பெற்றோல் கொண்டு வந்து, குழலால் இழுத்து என் கையில் தந்தான்.

அங்கே எவ்வளவு நேரம் போனதோ எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிற்பாட்டியபோது என் இடது கைக்குள் யோகத்தின் விரல்கள் விறைத்தன. வலிப்பு வாசல் படியில் வந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்து தூக்கினார்கள், வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். யோகம் தப்பினாள். மூன்று நாள் அவளுக்குக் கண் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. பிள்ளை ஆண்பிள்ளை. அது அழவே இல்லை.

ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. துவக்குக்கு முன்னால் நின்ற மிசி என்று பேர் எடுத்தேன். கந்தோரில் மேலதிகாரிகளிடமும் நல்ல பேர். அடுத்த நாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் தவம் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. ஒரு செய்தியைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"மிசி, போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வருவியளெண்டு அவள் பின்னேரம் மட்டும் படலையடியிலை கதிரை போட்டு இருந்தவள். கால் லேசா வீங்கத் துவங்கினது, உங்களுக்குக் காட்டவேணுமெண்டு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெற்றோல் இல்லைத் தம்பி" என்றேன்.

அது பொய். அந்தச் செவ்வாய் என்னிடம் மூன்று குழலுக்குப் பெற்றோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் அண்ணையின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான கொண்டாட்டம். போக ஒன்று, திரும்பி வர ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என்று பொத்தி வைத்தேன். யோகம் இளம்பிள்ளை, திடமானவள், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மைல்தான் பிள்ளைகள். காற்றுப்போன சைக்கிள் என் அறைச் சுவரில்தான் சாய்ந்து நின்றது. பத்து நிமிடம் பம்பால் காற்று அடித்திருந்தால் செவ்வாய்க்கிழமையே அந்தக் கால்களைப் பார்த்திருப்பேன். அன்றைக்கே ஆறுதலாக, அவசரமில்லாமல், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். சென்றியும் இல்லை, துவக்கும் இல்லை, வீர மிசியும் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் வந்த நாளிலிருந்து, அது ஓடாத நாள் எனக்கும் வேலையில்லாத நாள் என்று ஆகியிருந்தது.

தவம் என் பொய்யை நம்பினார். "ஓம் மிசி, உங்களுக்கும் கரைச்சல்தானே" என்று என்னைத் தேற்றினார். பிள்ளையைப் பறிகொடுத்த மனிசன் என்னைத் தேற்றினார். அதைவிட அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஆகவே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளச் இல்லாததையே வாங்குங்கள். சேலையோடு, பையோடு, தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிற எங்கள் வேலைக்கு அதுதான் தோது. ஆனால் கிளச் வண்டியும் ஓடப் பழகுங்கள், என்றைக்கோ ஒருநாள் முற்றத்தில் அது மட்டும்தான் நிற்கும். நானும் அந்த வருடமே அண்ணையின் வண்டியில் பழகி முடித்தேன், அதே தண்டவாளத்தைத் தாண்டி. மிதிசைக்கிளின் சில்லுகளில் எந்த நாளும் காற்று இருக்கட்டும். பிறகு உடுப்பிட்டியில் இருந்த காலத்திலும், ஓய்வுபெறும் வரைக்கும், காலையில் அறையைப் பூட்ட முதல் பெருவிரலால் அந்தச் சில்லை அமத்திப் பார்ப்பேன்.

இரண்டு வருடம் கழித்து யோகம் மறுபடி பிள்ளைத்தாய்ச்சியானாள். முதல் செவ்வாய்க்கிழமை சைக்கிளில் போய்ப் படலையைத் திறந்தேன். என்னைக் கண்டதும் அவள் எழும்பி, தான் இருந்த கதிரையை எனக்கு இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ மிசி, களைச்சுப்போய் வாறியள்."

நான் இருக்கவில்லை. நின்றபடியே முதலில் அவளுடைய கால்களைப் பார்த்தேன்.